மின்னஞ்சலுக்குச் சொந்தப் பெயர்



நமதூர் 1982-ஆம் ஆண்டில் தெலுக் ஆன்சன் என்ற பெயர் நீங்கித் தெலுக் இந்தான் ஆயிற்று. 1885-இல் எழுந்த சாய்ந்த கோபுரமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடம் மாறாமல் பெயர் மாறியது. மின்னஞ்சலில் நமக்கு வேண்டுவது இதற்கு நேர்மாறு. இடம் மாறினாலும் பெயர் நிலைக்க வேண்டும்.

காரணம் யாதெனில், மைமோஸ் ஆரம்பித்த ஜாரிங் நம் நாட்டின் முதல் இன்டர்நெட் சேவையாகும். 'ஜாரிங்.மை' என முடியும் விலாசத்தை நம்பியிருந்தோர் பலர். 2015-இல் ஜாரிங் நின்றது. விலாசமும் அதோடு போயிற்று. ஆகவே சங்கங்கள் தம் பெயரிலேயே டொமைன் வைத்துக்கொள்வது நலம். '.மை' பெயர்களை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது.

இனி, கைப்பேசியில் கணக்கை அமைக்கும்போது, வரும் தபாலுக்கும் போகும் தபாலுக்கும் சர்வரின் பெயரைக் கேட்கும். அங்கே கம்பெனியின் பெயரை எழுதாமல், 'மெயில்' என்பதோடு நம் டொமைனைச் சேர்த்து எழுதலாம். டி.என்.எஸ். என்னும் பெயர்ப்பதிவேடு அப்பெயரைக் கம்பெனியின் சர்வருக்குக் காட்டிவிடும். நாளை கம்பெனியை மாற்றினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிர்வாகிகளின் கைப்பேசிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சர்வர் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கடைப் பலகையில் ஒரு பெயரும் லைசென்ஸில் வேறு பெயரும் இருந்தால் அதிகாரி விடுவாரா? அதுபோலவே கைப்பேசியும் சர்வரிடம் சர்டிபிகேட் கேட்கிறது. நாம் எழுதியது நம் பெயர். சர்டிபிகேட்டில் இருப்பதோ கம்பெனி பெயர். உடனே எச்சரிக்கை வரும். பலரும் 'பரவாயில்லை' என்று அழுத்திவிடுகிறார்கள். இது பெரும் பிசகு. இடையில் ஒரு திருடன் போலிச் சர்டிபிகேட்டை நீட்டினாலும் அதே எச்சரிக்கைதான் வரும். அழுத்திப் பழகிய கை அன்றும் அழுத்தும், பாஸ்வேர்டு அவனிடம் போய்விடும். ஜகாத் பெறுவோர் பட்டியலும் ஏழைக் குடும்பங்களின் விவரமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவை நம்மிடமுள்ள அமானத்.

எனவே, "எங்கள் பெயருக்கும் சர்டிபிகேட் போட்டுத் தருவீர்களா?" என்று கம்பெனியைக் கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகவே வழங்கி வருகிறது. கம்பெனி இயலாதென்றால் வீம்பு வேண்டாம்; அவர்கள் சொல்லும் சர்வர் பெயரையே எழுதிவிடுங்கள். சிலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். நம் கடிதத்தைப் பெறுகிறவருக்கு அனுப்புநர் விலாசத்தில் சங்கத்தின் பெயர்தானே தெரிகிறது! நமக்கு வரும் தபாலை எங்கே சேர்ப்பது என்பதையோ எம்.எக்ஸ். என்ற வேறொரு வரி தீர்மானிக்கிறது. கைப்பேசியில் எதை எழுதினாலும் அது மாறாது.

வரும் தபாலுக்கு ஐமேப் வழி 993, போகும் தபாலுக்கு 465 அல்லது 587 என்ற எண்களே வழக்கம். டொமைனைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். செயலாளர் தம் சொந்தப் பெயரில் பதிந்துவிட்டால், அவர் பதவி விலகும் நாளில் வழக்கு வரும்.