ஆப் திறக்கலையா? அழிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாருங்க!



ஒரு ஆப் திறக்கவில்லை என்றால் ஹாஸ்டலில் கிடைக்கும் அறிவுரை இரண்டுதான். ஒன்று, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு." இன்னொன்று, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடு மச்சி." முதலாவது நல்ல அறிவுரை, நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாவதில்தான் சிக்கல். போனில் அதைச் செய்தால், அந்த ஆப் உள்ளே சேமித்து வைத்திருந்ததும் சேர்ந்தே போய்விடும். கம்ப்யூட்டரில் அதையே செய்தால் பல நேரம் ஒன்றுமே மாறாது. திரும்பப் போட்ட ஆப்பும் அதே மாதிரி அடம்பிடிக்கும்.

ஒரே வேலை, இரண்டு இடத்தில் நேர் எதிரான பலன். ஏன் இப்படி? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினைகளை நாமே தீர்த்துவிடலாம். முக்கியமா, ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ப்ராஜெக்ட் நோட்ஸை நம்ம கையாலேயே அழிக்காம தப்பிக்கலாம். வாங்க, பார்ப்போம்.

ஐகானைத் தொட்டதும் என்ன நடக்குது?

நமக்கு அது ஒரு தொடுதல். உள்ளே அது ஐந்து படிகள்.

1. இந்த ஆப்பை ஓட விடலாமா என்று ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும். டிஜிட்டல் கையெழுத்து, அனுமதி, 32 பிட்டா 64 பிட்டா எல்லாம் இங்கேதான்.
2. ப்ரோகிராம் ஃபைலை மெமரியில் ஏற்றி, அதற்குத் தேவையான லைப்ரரிகளைத் தேடி இணைக்கும்.
3. ஆப் தன்னுடைய செட்டிங்ஸையும், சேமித்த டேட்டாவையும் படிக்கும்.
4. சர்வருடன் பேசி, லாகின் செல்லுமா என்று கேட்கும்.
5. திரையில் விண்டோவை வரையும்.

"ஆப் திறக்கல" என்று நாம் சொல்லும்போது, இந்த ஐந்தில் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று அர்த்தம். எது நின்றது என்பதை அது நிற்கிற விதமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி நிற்குதுன்னு பாருங்க

தொட்ட உடனே எரர் மெசேஜ் வந்தால், கோளாறு முதல் இரண்டு படிகளில் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸில் "இந்த டிஎல்எல் ஃபைல் கிடைக்கவில்லை" என்று வருவது அப்படித்தான். ஃபைல் பெயரில் "விசிரன்டைம்" என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போட்டாலே போதும். டிஎல்எல் ஃபைலை மட்டும் தனியாக ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து இறக்கி ஒட்டாதீங்க. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "7பி" என்று முடியும் நீளமான எரர் நம்பர் வந்தால், 64 பிட் ப்ரோகிராம் 32 பிட் லைப்ரரியுடன் மோதியிருக்கலாம், அல்லது அதற்கு நேர்மாறாக.

ஒரு நொடி திறந்து, உடனே மூடிக்கொண்டால், மூன்றாவது படியைச் சந்தேகப்படுங்கள். சேமித்த டேட்டா கெட்டிருக்கலாம். ஸ்டோரேஜ் நிரம்பி, எழுத இடமில்லாமல் போயிருக்கலாம். நிறைய ஆப்கள் திறக்கும்போதே தங்கள் டேட்டாபேஸில் ஏதாவது எழுதும். இடம் இல்லையென்றால் அங்கேயே விழுந்துவிடும்.

லோகோவிலேயே சுத்திக்கிட்டு நின்றால், நான்காவது படி. நெட், சர்வர், அல்லது யாரும் கவனிக்காத ஒன்று: தேதி. பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. லேப்பில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி (சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் காசு பேட்டரிதான்) தீர்ந்துபோனால், கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். "இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை" என்று கம்ப்யூட்டர் நினைத்து இணைப்பை மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

எதுவுமே நடக்காத மாதிரி இருந்தால், ஆப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கலாம்! டாஸ்க் மேனேஜரைத் திறங்க (கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தணும்). பழைய பிராசஸ் அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டு மறுபடி திறக்கவும். எக்லிப்ஸ் "ஒர்க்ஸ்பேஸ் இன் யூஸ்" என்று சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான். செமினார் ஹாலில் புரொஜெக்டர் இணைத்த லேப்டாப் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு: விண்டோ நம் திரைக்கு வெளியே, இல்லாத இரண்டாவது திரையில் திறந்திருக்கும். விண்டோஸ் பட்டனுடன் பி அழுத்தி "பிசி ஸ்கிரீன் ஒன்லி" தேர்ந்தெடுத்தால் அது திரும்பி வரும்.

ஒரு ஆப்பா, பல ஆப்பா?

அடுத்த கேள்வி இது. ஒரே ஒரு ஆப் என்றால் கோளாறு அதனுள் இருக்கலாம். நேற்று வரை ஓடிய பல ஆப்கள் ஒரே நாளில் விழுந்தால், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒன்று விழுந்திருக்கிறது. இதற்கு மூன்று நிஜ உதாரணங்கள்.

2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்பட நிறைய ஆப்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. காரணம் ஜிமெயில் இல்லை. ஆப்களுக்குள் வெப் பக்கங்களைக் காட்டும் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ" என்ற பொதுப் பாகத்தில்தான் கோளாறு. கூகுள் அதைத் திருத்தி அப்டேட் கொடுத்ததும் எல்லாம் சரியானது. ஜிமெயிலை எத்தனை முறை அழித்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

2020 ஜூலை 10 அன்று ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்டெரெஸ்ட் போன்ற ஆப்கள் திறக்கும்போதே விழுந்தன. அவை எல்லாவற்றுக்குள்ளும் ஃபேஸ்புக்கின் ஒரே மென்பொருள் தொகுப்பு இருந்தது. ஃபேஸ்புக் தன் பக்கம் செய்த ஒரு மாற்றம்தான் அத்தனையையும் சாய்த்தது. போன்களில் யாரும் எதையும் மாற்றவில்லை.

2020 நவம்பர் 12 அன்று மேக் கம்ப்யூட்டர்களில் ஆப்கள் திறக்கவே நிமிடக்கணக்கில் இழுத்தன. ஆப்பின் சான்றிதழ் செல்லுமா என்று மேக் கேட்கும் ஆப்பிள் சர்வர் அன்று திணறியது. வேடிக்கை என்னவென்றால், நெட்டைத் துண்டித்தவர்களுக்கு ஆப் சட்டென்று திறந்தது! சர்வரையே தொடர்புகொள்ள முடியாவிட்டால் "சரி, பரவாயில்லை" என்று விடும் மேக், சர்வர் கிடைத்தும் பதில் வராவிட்டால் காத்துக்கொண்டே இருந்தது.

ஆகவே, அழிப்பதற்கு முன் பக்கத்து ரூமில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உனக்கு ஓடுதா?" அவர்களுக்கும் ஓடவில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதுதான் சரியான வைத்தியம்.

போனில் என்ன வரிசை?

நஷ்டம் இல்லாததில் தொடங்கி, நஷ்டம் அதிகமானதில் முடிக்க வேண்டும்.

1. செட்டிங்ஸில் ஆப்பின் பக்கத்துக்குப் போய் "ஃபோர்ஸ் ஸ்டாப்." ரீசன்ட்ஸில் மேலே தள்ளிவிடுவதும் இதுவும் ஒன்றல்ல; தள்ளிவிட்ட பிறகும் பின்னணியில் ஏதாவது ஓடலாம்.
2. போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
3. தேதி, நெட், மிச்சமிருக்கும் ஸ்டோரேஜ் பாருங்கள்.
4. ஆப்புக்கும் சிஸ்டம் வெப்வியூவுக்கும் அப்டேட் இருக்கிறதா பாருங்கள்.
5. "கிளியர் கேஷ்" கொடுங்கள். கேஷ் என்பது திரும்ப உருவாக்கக்கூடிய தற்காலிகச் சரக்கு, போனால் கவலையில்லை.

இதுவரை எதையும் இழக்கவில்லை. ஆறாவதாக, கேஷுக்குப் பக்கத்திலேயே இருக்கும் "கிளியர் ஸ்டோரேஜ்" அல்லது "கிளியர் டேட்டா." இங்கே நிறுத்துங்கள்! இதுவும் அன்இன்ஸ்டாலும் டேட்டா விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் சொந்தமாக ஒரு பூட்டிய அறை உண்டு. அந்த அறையே காலியாகிவிடும். பேக்கப் இல்லாத சாட், ஆப்புக்குள் மட்டும் இருக்கும் நோட்ஸ் எல்லாம் காலி. ஓடிபி எண் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் என்றால் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் போனால், அவற்றை நம்பியிருக்கும் எல்லா அக்கவுண்டுக்கும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஐபோனில் ஒரு நடுவழி உண்டு. செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போய் ஆப்பைத் தொட்டால் "ஆஃப்லோட் ஆப்" இருக்கும். ஆப்பை மட்டும் நீக்கி, டேட்டாவை வைத்துக்கொள்ளும். "டிலீட் ஆப்"புக்கு முன் இதை முயற்சி செய்யுங்கள்.

கம்ப்யூட்டரில் என்ன வரிசை?

விண்டோஸில் ப்ரோகிராம் ஓரிடத்தில் இருக்கும். அதன் செட்டிங்ஸ் பெரும்பாலும் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் "ஆப்டேட்டா" என்ற மறைவான இடத்தில் இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் முதலாவது போகும், இரண்டாவது பல நேரம் அப்படியே இருக்கும். கெட்டது செட்டிங்ஸ் என்றால், புதிதாகப் போட்ட ஆப்பும் அதே கெட்ட செட்டிங்ஸைப் படித்து அதே இடத்தில் விழும். நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

என்ன செய்யலாம்? அந்த ஆப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் "பழசு" என்று சேர்த்தால் போதும். ஆப் புது ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டு திறந்தால் குற்றவாளி பிடிபட்டார். திறக்காவிட்டால் பெயரைத் திரும்ப மாற்றிவிடலாம், எதுவும் போகவில்லை. இன்னும் சுலபமாக, வேறொரு யூசர் அக்கவுண்டில் திறந்து பார்த்தாலும் இதே விடை கிடைக்கும்.

ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ஏதாவது ஒரு ஃபைலைத் தூக்கி உள்ளே போட்டிருக்கலாம்.

அது என்ன சொல்லுதுன்னு படிங்க

டபுள் கிளிக் செய்யும்போது ஆப் சொல்லும் கடைசி வார்த்தை நமக்குக் கேட்காமலே போய்விடும். லினக்ஸில் டெர்மினலிலிருந்தும், விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்தும் ஓட்டினால் பல ஆப்களில் அந்த மெசேஜ் திரையில் நிற்கும். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதியைப் பாருங்கள். சிவப்பு எரரில் "ஃபால்டிங் மாட்யூல்" என்ற வரி இருந்தால், எந்த ஃபைலில் விழுந்தது என்று பெயரோடு இருக்கும். ஆண்ட்ராய்டில் போனை யூஎஸ்பியில் இணைத்து, யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, லாக்கேட் ஓட்டினால் "ஃபேட்டல் எக்செப்ஷன்" என்ற வரி தெரியும். அதற்குக் கீழே "காஸ்ட் பை" என்று தொடங்கும் கடைசி வரிதான் பெரும்பாலும் உண்மையான காரணம்.

நம்ம ப்ராஜெக்ட் ஆப் திறக்கலைன்னா?

இந்த ஐந்து படிகள் நாம் எழுதும் ஆப்புக்கும் பொருந்தும். "என் லேப்டாப்ல ஓடுது சார்" என்று வைவாவில் சொல்ல நேராமல் இருக்க, சில விஷயங்களை முன்பே பாருங்கள்.

பைத்தான் ஃபைலை எக்ஸிகியூட்டபிளாக மாற்றினீர்கள் என்றால், பைத்தானே இல்லாத கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன லைப்ரரி அங்கேதான் தெரியும். உங்கள் பெயர் உள்ள ஃபோல்டர் பாதை கோடுக்குள் எழுதப்பட்டிருந்தால் மற்றவர் கம்ப்யூட்டரில் அது இருக்காது. ஆண்ட்ராய்டு ஆப் லேப் சர்வருடன் பேசுகிறதா? ஆண்ட்ராய்டு 9 முதல், அதை இலக்காக வைத்துக் கட்டிய ஆப்களுக்கு, பாதுகாப்பில்லாத எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடைசெய்யப்பட்டிருக்கும். மேனிஃபெஸ்டில் அனுமதி சொன்னால்தான் போகும். அதோடு, ஹாட்ஸ்பாட் மாறினால் சர்வரின் ஐபி முகவரியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. அடுத்த முறை சீனியரிடமோ க்ரூப்பிலோ உதவி கேட்கும்போது "ஆப் ஓப்பன் ஆகல, ஹெல்ப்" என்று மட்டும் போடாதீங்க. எந்த ஆப், எந்த போன் அல்லது கம்ப்யூட்டர், எப்படி நிற்கிறது, கடைசியாக என்ன மாறியது, எரரின் ஸ்கிரீன்ஷாட் இவற்றைச் சேர்த்து அனுப்புங்க. பாதி நேரம், அதை டைப் பண்ணி முடிக்கும்போதே விடை உங்களுக்கே தெரிந்திருக்கும்.