வண்டி அடிபட்டால் காப்பீடு பெறுவோம்

ஒற்றசேகரமங்கலம் காட்டாக்கடை தாலுகாவில் உள்ள ஊர். இங்கே பலர் ரப்பர் வெட்டுகிறார்கள். பலர் கூலி வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறார்கள். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் வண்டியில் போய் வருகிறார்கள்.

மழை பெய்கிறது. வளைவில் வண்டி சறுக்குகிறது. எதிரே வந்த வண்டியில் மோதுகிறது. ஆட்டோ ஒரு வாரம் நின்றால் அந்த வாரக் கூலி போச்சு. பழுது பார்க்கும் செலவு வேறு. அந்தச் செலவை யார் தருவார்?

இரண்டு வகைக் காப்பீடு

காப்பீடு என்பது இன்சூரன்ஸ். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றைக் கட்டாயம் ஆக்கியது. அது மூன்றாம் நபர் காப்பீடு. இதைத் 'தேர்டு பார்ட்டி' என்பார்கள். நம் வண்டியால் பிறருக்கு வந்த கேட்டுக்கு இதில் பணம் உண்டு. நம் வண்டியின் பழுதுக்குப் பணம் இல்லை.

இன்னொன்று முழுக் காப்பீடு. இதைப் 'புல் கவர்' என்பார்கள். இதில் நம் வண்டியின் பழுதுக்கும் பணம் கிடைக்கும்.

தவறு எதிர் வண்டியின் மேல் இருந்தால் வேறு வழியும் உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். இது நெய்யாற்றின்கரையிலும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

1. அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

2. வண்டி கிடக்கும் நிலையைப் படம் எடுக்க வேண்டும். எதிர் வண்டியின் எண்ணை எழுத வேண்டும்.

3. விபத்து நடந்த இடத்துப் போலீஸ் நிலையத்தில் சொல்ல வேண்டும். களியக்காவிளையில் மோதினால் தமிழ்நாட்டுப் போலீசிடம் சொல்ல வேண்டும். கேரளத்தில் எடுத்த பாலிசி அங்கேயும் செல்லும்.

4. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

5. சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பழுது பார்க்கக் கூடாது. அவர்தான் சேதத்தை மதிப்பிடுவார்.

6. ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், பாலிசி, பில் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும்.

உரிமம் இல்லாதவர் ஓட்டினால் நம் வண்டிப் பழுதுக்குப் பணம் கிடைக்காது. குடித்துவிட்டு ஓட்டினாலும் கிடைக்காது. பாலிசி நேற்று முடிந்திருந்தால் இன்றைய விபத்துக்குப் பணம் இல்லை.

ஒரு கணக்கு

ஒரு ஸ்கூட்டருக்கு மூன்றரை வயது. பழுது பார்த்த பில் இது:

பிளாஸ்டிக் பாகம் – ரூ. 1,200
இரும்புப் பாகம் – ரூ. 1,600
வேலைக் கூலி – ரூ. 500
மொத்தம் – ரூ. 3,300

பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதி கழியும். அது ரூ. 600. இந்த வயதில் இரும்புக்குக் கால் பங்கு கழியும். அது ரூ. 400. வண்டிக்காரர் பங்காக ரூ. 100 கழியும். மீதி ரூ. 2,200 கிடைக்கும்.

கையெழுத்துக்கு முன் படியுங்கள்

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தாள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். நம்பிக்கையானவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வாங்கி வையுங்கள்.

பணம் தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, கொச்சியில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் தேவை இல்லை.

புதிய சொற்கள்: காப்பீடு, தேய்மானம், இழப்பீடு, தீர்ப்பாயம், குறைதீர்ப்பாளர்.

பதில் எழுதுங்கள்

1. நம் வண்டியின் பழுதுக்குப் பணம் தரும் காப்பீடு எது?
2. சர்வேயர் வரும் முன் ஏன் பழுது பார்க்கக் கூடாது?
3. பிளாஸ்டிக் பாகம் ரூ. 800 என்றால் எவ்வளவு கழியும்?

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள வண்டியின் பாலிசியை எடுங்கள். அது எந்த வகை என்று படியுங்கள். முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.