சுவை காட்டும் நகரம்

நுழையும்முன்

ஓர் ஊரை அதன் கட்டடங்களால் அறியலாம், கல்வெட்டுகளால் அறியலாம், உணவாலும் அறியலாம். அடுப்பங்கரையில் வரலாறு எழுதப்படுவதில்லை, சமைக்கப்படுகிறது. பல நாட்டுச் சுவைகளைத் தன்வயமாக்கிக்கொண்ட புதுச்சேரியில், ஒரு குடும்பத்திற்கு உணவு வழிகாட்டியாக இருப்பவரின் பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வழிகாட்டியின் முதல் தெரிவு

கோயம்புத்தூரிலிருந்து பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் இருவர் என ஐவர் அடங்கிய குடும்பம் ஒன்று புதுச்சேரிக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அவர்களின் முதல் வினா பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “இங்கே பிரெஞ்சு உணவு எங்கே கிடைக்கும்?” வழிகாட்டியின் முன் இரண்டு வழிகள் உள்ளன. விளம்பரப் பலகை பெரிதாக உள்ள உணவகத்திற்கு அழைத்துச் சென்று தரகு பெறுவது ஒன்று. ஊரார் வாங்கும் இடத்தையும் உண்ணும் உணவையும் காட்டுவது மற்றொன்று. முதல் வழி எளிது. ஆனால், அதில் வந்தவர் ஊரை அறிவதில்லை, ஊராருக்கும் பயன் சேர்வதில்லை. நல்ல வழிகாட்டி இரண்டாம் வழியைத் தெரிவு செய்கிறார்.

அங்காடியில் தொடக்கம்

பயணம் விடியற்காலையில், நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டில் தொடங்குகிறது. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் இது குபேர் அங்காடி எனப்படுகிறது. மீன், கருவாடு, கீரை, பூ, மளிகை ஆகியவற்றின் மணங்கள் இங்கு ஒன்றாகக் கலக்கின்றன. மீன் விற்கும் பெண்களைக் காட்சிப்பொருளாகக் கருதிப் படமெடுப்பது முறையன்று. முதலில் வணக்கம் சொல்லி, இசைவு பெற்று, இயன்றதை விலை கொடுத்து வாங்கிய பின்னரே பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதை வழிகாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்.

அங்காடிக்கு அருகில் இரங்கப்பிள்ளை வீதி உள்ளது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பால் இந்நகரின் அக்கால வாழ்வு இன்றும் அறியப்படுகிறது.

வடகம் கடல் கடந்தது

மளிகைக் கடையில் பழுப்பு நிற உருண்டை ஒன்றைப் பாட்டி கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறார்; முகம் மலர்கிறது. அது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை முதலியவற்றைக் கலந்து, உருட்டி, கோடை வெயிலில் பல நாள் காயவைத்து இதனைச் செய்வர். எண்ணெயில் சிறிது உதிர்த்தால் மீன்குழம்பு மணக்கும்.

பேச்சுவழக்கில் இது ‘வடவம்’ எனப்படும். அச்சொல்லே பிரெஞ்சுக்காரர் நாவில் ‘வாதூவான்’ ஆயிற்று. இன்று பிரான்சு நாட்டுச் சமையலறைகளில் இது ஒரு நறுமணக் கலவையாகப் பயன்படுகிறது. பிரெஞ்சு உணவைத் தேடி வந்தவர்கள், பிரான்சுக்குச் சென்ற தமிழ் உணவைக் கண்டு வியக்கின்றனர்.

சைகோனிலிருந்து வந்த சுவை

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரித் தமிழர் பலர் இந்தோசீனாவின் சைகோன் முதலிய நகரங்களுக்கு அரசுப்பணியிலும் படைப்பணியிலும் சென்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்று அழைப்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வடிவம் அது. ஊர் திரும்பியோருடன் வியட்நாம் சமையலும் வந்தது. மெல்லிய அரிசித்தாளில் இறைச்சியும் காயும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் பண்டம் இன்றும் சில இல்லங்களில் செய்யப்படுகிறது. ஒரே வீதியில் நீண்ட பிரெஞ்சு ரொட்டியும் வியட்நாம் சுருளும் மீன்குழம்பும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றன.

அரிக்கமேட்டின் சாடிகள்

நண்பகலில் குடும்பம் நகரின் தெற்கே உள்ள அரிக்கமேட்டை அடைகிறது. 1945இல் மார்டிமர் வீலர் இங்கு அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெசோ நகரோடு தொடர்புடைய செந்நிற மட்கலங்களும், இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகளும் இங்குக் கிடைத்துள்ளன. அச்சாடிகள் திராட்சை மதுவையும் ஒலிவ எண்ணெயையும் ‘காரும்’ என்னும் மீன்சாற்றையும் சுமந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரைக்கு இத்தாலியச் சுவை வந்துவிட்டது.

எது நம் உணவு?

“அப்படியானால், எதுதான் நம் உணவு?” என்று மூத்த பிள்ளை கேட்கிறாள். வழிகாட்டி மிளகாயைச் சான்று காட்டுகிறார். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிய காய்க்கு மிளகின் பெயரையே சூட்டித் தமிழர் தமதாக்கிக்கொண்டனர். இத்தாலியரின் அடையாளமாகக் கருதப்படும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து சென்றதே. ஓர் உணவு எங்கே பிறந்தது என்பது மட்டும் அதன் உண்மைத்தன்மையைக் காட்டாது. யார் அதை நாள்தோறும் சமைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறார்கள் என்பதும் காட்டும்.

ஆனால், கையளிக்க ஆளில்லாதபோது சுவை மறைந்துவிடும். வடகம் காயவைக்க மாடியும் பொழுதும் வேண்டும். அம்மியின் பதம் ஏட்டில் அடங்காது. செய்முறை அறிந்த மூத்தோர் மறைந்தால், அவர்களோடு ஒரு நூலகம் மறைகிறது.

வழிகாட்டியின் அறம்

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமை, உணவின் பெயரால் கட்டுக்கதை பரப்பாமை, உண்போரின் உடல்நலமும் வழக்கமும் கேட்டறிதல், சிறு வணிகருக்கு உரிய விலை கிடைக்கச் செய்தல் ஆகியவை வழிகாட்டியின் கடமைகள். மாலையில் விடைபெறும்போது பாட்டி வடக உருண்டைகள் சிலவற்றைப் பையில் வைத்துக்கொள்கிறார். “அடுத்த சித்திரையில் இதை நாமே செய்வோம், நீதான் உருட்ட வேண்டும்” என்று பேத்தியிடம் சொல்கிறார். அன்றைய பயணத்தின் பயன் அதுவே.

தெரிந்து தெளிவோம்

மிளகு + காய் = மிளகாய். ‘அன்னாசி’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். உணவோடு சொற்களும் பயணம் செய்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேட்டு, இப்போது அரிதாகச் செய்யப்படும் உணவு ஒன்றின் செய்முறையை எழுதுக.
2. உங்கள் ஊருக்கு வரும் குடும்பம் ஒன்றிற்கு அரைநாள் உணவுப் பயணத்திட்டம் வகுத்து, ஒவ்வோர் இடத்தையும் தெரிவு செய்தமைக்குக் காரணம் தருக.