அந்தக் கால அமெரிக்கா அவ்வளவு ஒழுக்கமா?

கேள்வி: ஒரு காலத்தில் கட்டுப்பாட்டோடு வாழ்ந்த அமெரிக்கர்கள் இப்போதுதான் கெட்டுப்போனார்களா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் கள்ள உறவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1644-ல் ஓர் ஆணையும் பெண்ணையும் அதற்காகத் தூக்கிலும் போட்டார்கள்.

ஆனால், அவர்கள் காமத்தையே வெறுத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பத்திய சுகம் மனைவியின் உரிமை என்பது அவர்கள் கட்சி. இரண்டு வருடம் மனைவியை நெருங்காத ஒருவரை பாஸ்டன் தேவாலயம் சபையிலிருந்தே நீக்கியது!

அடுத்த நூற்றாண்டு இன்னும் சுவாரசியம். மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில், காதலிக்கும் ஜோடியைப் பெற்றோரே ஒரே கட்டிலில் படுக்கவிடும் வழக்கம் இருந்தது. உடுத்திய துணியோடுதான், சில வீடுகளில் நடுவே ஒரு பலகையும் உண்டு. பலகை என்ன செய்யும், பாவம்? அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு மணப்பெண் கர்ப்பிணியாகவே திருமணம் செய்துகொண்டதாகப் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கல்யாணம் நடந்தால் சரி. அடிமைப் பெண்களுக்கோ எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எஜமானன் பலாத்காரம் செய்தாலும் அது குற்றமாகவே கருதப்படவில்லை. அந்தச் சமூகத்தை ஒழுக்கமானது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாறியது நடத்தையைவிட, அரசு படுக்கையறைக்குள் நுழையலாமா என்ற பார்வைதான். தம்பதிகள் கருத்தடை சாதனம் பயன்படுத்தும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 1965-ல். நியூயார்க் மாநிலத்தில் கள்ள உறவு குற்றமல்ல என்று ஆனதோ 2024-ல்தான்.