நெல் ஆலையில் மொட்பஸ்: கம்பியும் எண்ணும்

கிழக்கிலங்கையில் கல்லோயாத் திட்டத்தின் நீரில் விளையும் நெல்லை அவித்து, உலர்த்தி, குற்றி அரிசியாக்கும் ஆலைகள் அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிகளில் உள்ளன. இத்தகைய ஆலையொன்று தானியங்கு முறைக்கு மாறும்போது, பிஎல்சி எனப்படும் கட்டுப்படுத்தி, அவிகலத்தின் வெப்பநிலைக் கருவி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர், மின்மானி ஆகியன வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளாகவே ஒரு பேனலில் வந்து சேர்கின்றன. இவற்றைப் பேசவைக்கும் பொதுவான நெறிமுறை மொட்பஸ் ஆகும். மொடிகொன் நிறுவனம் 1979இல் வெளியிட்ட இந்நெறிமுறை எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கதாக இருந்தமையே அது உலகெங்கும் பரவியதற்கு முதன்மையான காரணமாகும். இதில் கட்டுப்படுத்தி வினவ, கருவி விடையளிக்கும். வினவப்படாத கருவி தானாக எதையும் சொல்லாது.

இணைப்புத் தோல்வியுற்றால் பிஎல்சி நிரலில் பிழை தேடுவது வழமை. ஆயினும் முதலில் பார்க்கவேண்டியது கம்பியையே என்பதைக் களப்பணி மீண்டும் மீண்டும் காட்டுகிறது. மொட்பஸ் செய்திகளைச் சுமக்கும் ஆர்எஸ்-485 என்னும் இரு கம்பி இணைப்பு, குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீற்றர் வரை செல்லவல்லது. ஆனால் கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகச் செல்லவேண்டுமேயன்றி, நடுவிலிருந்து கிளைகளாகப் பிரியலாகாது. வரிசையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை அவசியம். ஏ, பி என்ற அடையாளங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளில் இடுவதில்லையாதலால், விடை வராதபோது இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அதனால் கருவி பழுதடையாது. இன்வெர்ட்டரின் மோட்டார்க் கேபிளுடன் ஒரே குழாயில் தகவல் கேபிளை இழுப்பதோ, உப்புக்காற்று படும் கரையோரத்தில் முனையங்களைத் திறந்து விடுவதோ பின்னர் நாள்கணக்கில் அலைக்கழிக்கும். வேகமும் சமநிலைச் சோதனை முறையும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவும், முகவரி 1 முதல் 247 வரையில் ஒவ்வொன்றுக்கும் வேறாகவும் இருக்கவேண்டும்.

கம்பி சரியான பின்னரே மெய்யான சிக்கல் தொடங்குகிறது. கருவியிலுள்ள ஒவ்வோர் அளவும் பதிவகம் எனப்படும் 16 பிட் இடமொன்றில் எண்ணாக நிற்கிறது. கைந்நூல் 40001 எனக் குறிக்கும் பதிவகம், கம்பியில் செல்லும் செய்தியில் 0 என்றே அழைக்கப்படுவதால், ஓர் எண் பிசகினால் பக்கத்துப் பதிவகம் படிக்கப்படும். வெப்பநிலைக் கருவியில் அளந்த வெப்பமும் குறித்துவைத்த வெப்பமும் அடுத்தடுத்து அமைந்திருந்தால், முன்னதற்குப் பதிலாகப் பின்னது படிக்கப்பட்டு, திரையில் 985 என்ற எண் தோன்றி, 98.5 பாகை எனச் சரியாகவே தெரியும். நெல் அவியாதபோதும் அவ்வெண் அசையாது நிற்கும். இத்தகைய பிழை இணைப்பே இல்லாமையைவிடத் தீங்கானது. எனவே உணரியைக் கையால் பற்றிச் சூடாக்கி, எண் ஏறுகிறதா எனப் பார்த்த பின்னரே அதை ஏற்கவேண்டும். 32 பிட் அளவுகள் இரு பதிவகங்களில் பிரிந்து கிடப்பதால், மின்மானி பொருளற்ற பேரெண்களைக் காட்டினால், அவ்விரண்டின் வரிசையை மாற்றிப் படிப்பதே முதல் தீர்வாகும்.

கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஒவ்வொன்றும் உறுதியான பின்னரே அடுத்ததைச் சேர்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். தொடர்பு அறுந்தால் இன்வெர்ட்டர் நிற்கவேண்டுமா, ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமா என்பதை அதன் அமைப்பிலேயே முன்கூட்டித் தீர்மானிக்கவேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானும் பொயிலரின் பாதுகாப்புச் சுற்றும் ஒருபோதும் மொட்பஸ் வழியாகச் செல்லலாகாது, அவற்றுக்குத் தனிக் கம்பியே உரியது. ஈதர்நெட் வழியிலான மொட்பஸ் டிசிபி பயன்படும் இடங்களில், அது வழமையாகக் கையாளும் 502ஆம் துறையை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது; யார் கட்டளையிடுகிறார் என்று சரிபார்க்கும் வழி எதுவும் மூல மொட்பஸில் இல்லை. முகவரி, வேகம், பதிவக எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், அறுவடைக்காலத்தில் ஆலை நின்றுபோக, முன்பு அப்பேனலைக் கண்டிராத மின்வினைஞர் ஒருவர் வந்தாலும் வேலையை உடனே தொடங்கமுடியும்.