அல்சைமர் நோய்க்கான புதிய மருந்துகள்: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். “மறதி நோய்க்குப் புதிதாக ஊசி வந்திருக்கிறதாமே, அம்மாவுக்கு அதைப் போடலாமா?” என்பதே அக்கேள்வி. சிலர் நகையையோ நிலத்தையோ விற்றாவது அம்மருந்தை வாங்கிவிட வேண்டும் என்னும் முடிவோடு வருகின்றனர். வேறு சிலர், புதிய மருந்து கைக்கு எட்டும்வரை பொறுத்திருக்கலாம் எனக் கருதி, கொடுத்துவரும் மாத்திரைகளையும் நிறுத்திவிடுகின்றனர். இம்மருந்துகள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை, யாருக்கு உரியவை என்பதை அறிந்த பின்னரே இத்தகைய முடிவுகளை எடுக்க வேண்டும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், நினைவாற்றல் சிதைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே சேர்ந்திருந்த படிவுகள் ஒன்று. நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்குண்டு கிடந்த இழைகள் மற்றொன்று. முன்னது அமிலாய்டு என்னும் புரதத்தாலும், பின்னது டவ் என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அமிலாய்டு படிவது, மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குடும்பத்தார் முதல் அறிகுறியைக் கவனிக்கும்போது நரம்பணுக்கள் பல அழிந்துவிட்டிருக்கும். அழிந்தவற்றை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை.

பழைய மருந்தும் புதிய மருந்தும்

பல ஆண்டுகளாக நாங்கள் பரிந்துரைத்துவரும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகியவை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் செயலைச் சீர்செய்கின்றன. அதனால் அன்றாடச் செயல்கள் சிலகாலம் எளிதாகலாம். நோயின் அடிப்படை மாறுவதில்லை. புதிய மருந்துகளோ ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள். இவை இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டு, அமிலாய்டுடன் பிணைந்து, மூளையிலிருந்து அது அகற்றப்பட வழி செய்கின்றன.

இவ்வகையில் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது அடுகனுமேப். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வல்லுநர் குழு அதற்கு ஆதரவு தராத நிலையிலும், 2021 ஜூன் மாதத்தில் அனுமதி வழங்கப்பட்டது. 2024 ஜனவரியில் அம்மருந்தைக் கைவிடுவதாகத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. ஸ்கேன் படத்தில் படிவு குறைவது வேறு, நோயாளியின் வாழ்வில் பயன் தெரிவது வேறு என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

27 விழுக்காடு என்பதன் பொருள்

அடுத்து வந்த லெகனமேப், 1,795 பேர் பங்கேற்ற 18 மாத ஆய்வில் சோதிக்கப்பட்டு, 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. “நோய் 27 விழுக்காடு குறைந்தது” என்று செய்திகளில் படித்தவர்கள் பலர், நினைவாற்றல் கால்பங்குக்கு மேல் திரும்பிவிடும் என்று பொருள்கொள்கின்றனர். அது சரியன்று.

அந்த ஆய்வில் நோயின் கடுமை 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலால் அளக்கப்பட்டது. 18 மாத முடிவில், மருந்தற்ற ஊசி பெற்றவர்கள் சராசரியாக 1.66 புள்ளி பின்னடைந்தனர். லெகனமேப் பெற்றவர்கள் 1.21 புள்ளி பின்னடைந்தனர். வேறுபாடு 0.45 புள்ளி. அதாவது இரு பிரிவினரிடத்தும் நோய் வளர்ந்தது. மருந்து பெற்றவர்களிடம் சற்று மெதுவாக வளர்ந்தது. சரிவில் இறங்கும் வண்டியின் வேகம் குறைவது போன்றது இது; வண்டி நின்றுவிடுவதும் இல்லை, மேலேறுவதும் இல்லை.

காலக்கணக்கில் பார்த்தால், 18 மாதங்களில் கிடைப்பது ஏறத்தாழ 5 மாதங்கள். தாமே சமைத்து, கடைக்குச் சென்று, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலையில் உள்ள ஒருவருக்கு அந்த மாதங்கள் மதிப்புமிக்கவை. அதே நேரத்தில், அருகிலிருந்து கவனிப்பவருக்கு அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். இவ்விரண்டும் உண்மை.

டொனனமேப் என்னும் மற்றொரு மருந்து 2024 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை செலுத்தப்படும் இம்மருந்தை, படிவு போதிய அளவு நீங்கியதும் நிறுத்திவிட இயலும். இதுவும் நோயின் வேகத்தைக் குறைப்பதேயன்றி, குணப்படுத்துவதன்று.

ஆபத்துகள் யாவை?

அமிலாய்டு மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் படிந்திருப்பதுண்டு. அதனை அகற்றும்போது மூளையில் வீக்கமோ நுண்ணிய இரத்தக்கசிவோ ஏற்படலாம். லெகனமேப் ஆய்வில் 12.6 விழுக்காட்டினருக்கும், டொனனமேப் ஆய்வில் 24 விழுக்காட்டினருக்கும் வீக்கம் காணப்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் இல்லை. ஸ்கேனில் மட்டுமே தெரிந்து, தானே தணிந்தது. சிலருக்குத் தலைவலி, குழப்பம், பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை தோன்றின. அரிதாக உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. ஆகவே முதல் சில மாதங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பலமுறை எடுத்துக் கண்காணிப்பது கட்டாயம்.

ஏபிஓஈ-4 என்னும் மரபணு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஆபத்து மிகுதி. லெகனமேப் ஆய்வில் இத்தகையோரில் 32.6 விழுக்காட்டினருக்கு வீக்கம் ஏற்பட்டது. அம்மரபணு வகை இல்லாதவர்களில் 5.4 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. எனவே தொடங்கும் முன் மரபணுச் சோதனை தேவை. அச்சோதனையின் முடிவு பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் பற்றிய செய்தியாகவும் அமைவதால், குடும்பமாகப் பேசி முடிவெடுப்பது நன்று.

மேலும் ஒன்று: இம்மருந்து பெறுபவருக்குப் பக்கவாதம் போன்ற அறிகுறி தோன்றினால், அவசரப் பிரிவில் முதலில் இம்மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பக்கவாதத்திற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, இவர்களுக்குக் கடும் மூளை இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

யாருக்கு உரியது?

நோய் தொடக்க நிலையில் இருக்க வேண்டும். மூளையில் அமிலாய்டு உள்ளதென்பது பெட் ஸ்கேன் அல்லது முதுகுத்தண்டு நீர்ச் சோதனையால் உறுதியாக வேண்டும். குளிக்கவும் உண்ணவும் பிறர் துணை தேவைப்படும் நிலையை அடைந்தவர்களிடம் இம்மருந்துகள் பயன் தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி, பார்க்கின்சன் நோயோடு வரும் மறதி ஆகியவற்றுக்கும் இவை உரியவை அல்ல. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும், எம்.ஆர்.ஐ. எடுக்க இயலாதவர்களுக்கும் இவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

செலவும் சிறிதன்று. அமெரிக்காவில் லெகனமேப்பின் அறிவிப்பு விலை ஆண்டுக்கு 26,500 டாலர். ஸ்கேன் செலவு தனி. 2024 ஆகஸ்டில் பிரிட்டன் இம்மருந்துக்கு அனுமதி வழங்கிய அதே நாளில், அரசு மருத்துவச் சேவைக்கு ஆலோசனை கூறும் நைஸ் நிறுவனம், கிடைக்கும் பயன் செலவுக்கு ஈடாகாது எனத் தன் வரைவு அறிக்கையில் கூறியது. நிலத்தை விற்க எண்ணும் குடும்பங்கள் இதனையும் சீர்தூக்க வேண்டும். நோயாளியைப் பல ஆண்டுகள் பராமரிக்கவும் பணம் தேவைப்படும்.

இன்று செய்யக்கூடியவை

மறதி என்றாலே அல்சைமர் என்று முடிவுகட்ட வேண்டா. வைட்டமின் பி-12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் மூளையுறையில் தேங்கிய இரத்தம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். இவை சிகிச்சையால் சீராகக்கூடியவை. ஆறு மாதங்களாக மறதி கூடிவருகிறதெனில், “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

தற்போதைய மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். காது கேளாமை இருந்தால் கருவி பொருத்துங்கள். பார்வை மங்கினால் கண்புரை உள்ளதா எனச் சோதியுங்கள். உடற்பயிற்சியும், நாலுபேரோடு கலந்து பேசிப் பழகுவதும் தேவை. மாற்றத்தக்க 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024-இல் மதிப்பிட்டது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்வதாக மதிப்பிடப்படும் நிலையில், இதன் பயன் பெரிது.

புதிய மருந்து பற்றி எங்களோடு பேச வரும்போது, நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவர் ஒருவர் கட்டாயம் உடன்வர வேண்டும். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு வாருங்கள். நோயாளி தம் விருப்பத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், அவரையே முதலில் கேட்போம்.