கட்டிக்கொண்டே திருத்தலாமா?

தம்பானூரில் பேருந்தை விட்டு இறங்கும் நம்மவர் பலரும் முதலில் ஒதுங்கும் இடம், செங்கல்லால் ஆன வட்டமான இந்தியன் காபி ஹவுஸ். மேலே போகப் படிக்கட்டு இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான். அதன் ஓரத்திலேயே மேசையும் இருக்கையும் கட்டுமானமாகவே அமைந்திருக்கின்றன. சுவரில் விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர் (1917–2007). வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குபவர் அல்லர் அவர். மனையில் கொத்தனார்களோடு நின்று, கிடைத்த தாளில் வரைந்து காட்டுவார். மரம் குறுக்கிட்டால் சுவரை வளைப்பார். வீட்டுக்காரர் எப்படி வாழ்கிறார் என்று கேட்டறிந்து அதற்கேற்ப மாற்றுவார்.

டெக்னோபார்க்கில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதை 'அஜைல்' என்பார்கள். மென்பொருளை மொத்தமாகச் செய்து கடைசியில் காட்டாமல், ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை முடித்து, பயன்படுத்துபவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டுத் திருத்தும் முறை. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி இதற்கு அறிக்கை எழுதினார்கள். அவர்களில் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் இருவரும் 1987லேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் கருத்துகளை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர்கள். ஆக, கொத்தனார் வீட்டுச் சரக்குதான் கணினிக்குப் போயிருக்கிறது!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கணினியில் எழுதியதை அழிக்கலாம். காங்கிரீட்டை இடிக்கத்தான் வேண்டும். காபி ஹவுஸையே பாருங்கள். சரிவு எவ்வளவு, நடுவட்டம் எவ்வளவு அகலம் என்பவற்றைப் பாதி ஏறிய பிறகு மாற்ற முடியுமா? மேசையைக்கூட நகர்த்த முடியாது. அவற்றைத் தாளிலும் மாதிரியிலுமே திருத்தி முடித்தாக வேண்டும். துளைகளின் அமைப்பு, சன்னல், அலமாரி போன்றவற்றை வேலை நடக்கும்போது முடிவு செய்யலாம்.

இங்கிருந்தபடி ஊரில் வீடு கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பணம் அனுப்பிவிட்டு, கூரை போட்ட பிறகு விடுமுறையில் போய், "அடுக்களை இருட்டாக இருக்கிறதே" என்றால் யார் என்ன செய்வது? வானம் தோண்டும் முன்பே ஒருமுறை போய்வாருங்கள். மனையில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லி, அறைக்குள் கட்டிலையும் நாற்காலியையும் போட்டுப் பாருங்கள். அடுக்களைக் கோட்டுக்குள் வீட்டுப் பெண்களை நிற்கவைத்துக் கேளுங்கள். அந்தக் கோட்டை மாற்ற ஒரு கை சுண்ணாம்பு போதும்.